பாவுக்குக் கை தராத தெரு

செவிலிமேட்டில் எங்கள் வீட்டு முன்னால் ரோடு போடுகிறார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் தார் வாசனை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேரப்பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்கு அந்த வாசனையோடு அக்கா புருஷனும் வந்துவிடுகிறார்: காக்கிச் சட்டை, முழங்கை வரை கறுப்பு, கையில் மண்ணெண்ணெயில் நனைத்த கோணித் துண்டு.

இந்தி வேண்டாம் என்று ஊரெல்லாம் கொதித்த அறுபத்தைந்தாம் வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயசு. மாமா எங்கள் பேட்டைத் தபாலாபீசில் தபால்காரர். எங்கள் ஜாதிதான், ஆனால் திருமுக்கூடல் பக்கம் போய் அப்பன் காலத்திலேயே தறியை விட்டு ஏர் பிடித்த குடும்பம். சர்க்கார் வேலை மாப்பிள்ளை என்று அப்பாதான் தேடிப் பிடித்து வீட்டோடு வைத்துக்கொண்டார். தெருவில் டெல்லியைத் திட்டுவதில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. தறியில் உட்கார்ந்தபடியே பேசுவார். "சரிகைக்குத் தங்கம் வேணுமா, டெல்லியக் கேளு. மணியார்டர் பாரமா, அதுலயும் இந்தி. நம்ம வூட்டு அடுப்ப எப்பப் பத்த வைக்கணும்னு அங்க குந்திக்கினு எவனோ சொல்லுவான், நாம தலையாட்டணுமாபா?" தறியில் நாடா குறுக்கே ஓடும் சத்தத்துக்கு நடுவே அது வேதம் போலக் கேட்கும். அவர் சொன்னதில் பொய் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பையன்கள் தபாலாபீஸ் பலகையில் இந்தி வரியைத் தாரால் மெழுகினார்கள். பெரிய அதிகாரி மாமாவைக் கழுவச் சொன்னார். கழுவினார். தெருவே பார்த்தது.

அன்றிலிருந்து அவர் பெயர் டெல்லிக்காரன். கடிதம் கொடுக்கப் போனால், "வாங்கோ ஜீ, டெல்லிலேர்ந்து சேதி எதுனா இருக்குதா?" என்பார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டே கொடுப்பார். "எனக்கும்தான் அந்த எழுத்து ஒண்ணும் புரியலபா. கழுவுன்னாங்க, கழுவுனேன்" என்பார். தெருவுக்கு நாட்டாமையான கோடிவீட்டுப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் வாசலுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார்: "கழுவுன கையாலயே திரும்பப் பூசச் சொல்லு. இல்லாட்டி தெருவ வுட்டு அனுப்பு. அதுவரைக்கும் உன் பாவுக்குக் கை வராது."

பாவு என்பது தறியேறப் போகும் நீள நூல். விடியற்காலை தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அது காய்வதற்குள் இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். ஒரு வீட்டு ஆளால் ஆகாது. யார் வீட்டுப் பாவு என்றாலும் தெருவே இறங்கி வரும், கூலியில்லை, கூப்பிடுவதுமில்லை. சண்டைக்காரன் பாவுக்குக்கூட வருவார்கள்.

எங்களுக்கு வரவில்லை. அப்பா கஞ்சியும் போட்டுவிட்டார், கதவுகள் திறக்கவில்லை. வெயில் ஏற ஏற நூல் விறைத்தது. அப்பா ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடினார். மாமா என்ன நினைத்தாரோ, பயிர் வாடினால் தண்ணீர் விட்டுப் பழகின கை, ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துப் பாவு மேல் தெளித்துக்கொண்டே போனார். கஞ்சி பசையாகிப் பட்டு கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் கதவுகள் திறந்தன. தெரு சிரித்தது. "நாத்து நட்டுட்டாருபா டெல்லிக்காரரு!" என்றது ஒரு குரல். அப்பா மாமாவை அடிக்கவில்லை. செம்பைப் பிடுங்கி அக்காவின் காலடியில் எறிந்தார். அக்காவுக்கு அப்போது ஏழாம் மாசம்.

பட்டு கொடுத்த முதலாளி இன்னொரு பாவு கொடுத்தார். இதுவும் கெட்டால் தறியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போவேன் என்று சொல்லித்தான் கொடுத்தார். ராத்திரி சோற்றுக்கு முன்னால் அப்பா சொன்னார், "பூசிட்டு வந்துடுபா." மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே, "பூசுனா வேலை போய்டும் மாமா. பொறக்கப் போறதுக்குச் சோறு யார் போடறது?" என்றார். அப்பா எழுந்து கோடிவீட்டுக்குப் போனார். தெருவுக்கென்றும் ஒரு டெல்லி இருந்தது, மாப்பிள்ளையை அனுப்பிவிடுகிறேன் என்று அதன் உத்தரவுக்கு அப்பா தலையாட்டினார். மாமா மாற்றல் கேட்டு எழுதினார், கிடைத்தது. அக்காவிடம் அப்பா ஒன்றுதான் சொன்னார்: "அவன் பின்னால போனா, பிரசவத்துக்குன்னு இந்த வாசப்படி ஏறாத."

கிளம்பிப் போன மாமாவை அதன்பிறகு நாங்கள் பார்க்கவில்லை. அவர் மகன் அவரைப் பார்க்கவே இல்லை.

அவர் கிளம்பிய காலையில் தெரு நிறையக் கை. எங்கள் பாவு நீண்டு கிடந்தது, இருபுறமும் ஆட்கள், பேச்சு, வெற்றிலை. அறுந்த இழைகளை முடிபோட அக்காவை அப்பா நடுவில் நிறுத்தியிருந்தார். மாமா தகரப்பெட்டியோடு வெளியே வந்தார். சுவருக்கும் பாவுக்கும் நடுவே ஒரு ஆள் போகிற இடம்தான். அக்காவிடம் வந்ததும் நின்றார்.

"நீயும் வரியாமா?"

எல்லாக் கைகளும் நூலில் இருந்தன, எல்லாக் கண்களும் அக்கா மேல். கோடிவீட்டுப் பெரியவர் வெற்றிலையைக்கூட மெல்லவில்லை. அக்கா தலை நிமிரவில்லை. முடி போட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

"ஓரமாப் போங்க," என்றாள். "பெட்டி பாவு மேல பட்டுடப் போவுது."