மூன்று சேவலும் ஒரு மஞ்சள் துணியும்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் காலையில் கொல்லைக் கதவைத் திறந்து, கம்பு தூவி, தண்ணீர்ச் சட்டியைக் கழுவி நிரப்பினேன். கோட்டையூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆறு பெட்டைகள், மூன்று சேவல்கள். மூன்றையும் சேர்த்து விட்டால் பெட்டைகளின் முதுகில் இறகு மிஞ்சாது. அதனால் முறை வைத்திருந்தேன். ஒன்று வெளியே மேயும், மற்ற இரண்டும் ஆளுக்கொரு பஞ்சாரக் கூடைக்குள் கிடக்கும். அன்று வெள்ளைச் சேவலின் முறை.

கூடைக்குள் இருந்தவை ஒரே அடையில் பொரித்த செந்நிறச் செவலைகள். பிரித்தறிய முடியாது. ஒன்றின் காலில் மட்டும் மஞ்சள் துணி இருக்கும். எனக்கு நெஞ்சுவலி வந்தபோது மனைவி கருப்பருக்கு நேர்ந்துகொண்ட சேவல் அது. ஒரு பெட்டைக்கு முதுகு புண்ணாகிவிட்டதால், மற்றதை விற்கத் திருப்பத்தூர் வியாபாரியை வரச் சொல்லியிருந்தேன்.

அவர் வந்தபோதுதான் பார்த்தேன். மஞ்சள் துணி இரு கூடைகளுக்கும் நடுவே தரையில் கிடந்தது. முடிச்சு அவிழவில்லை. எதை எந்தக் கூடையில் அடைத்தேன் என்பதும் நினைவில் இல்லை. துணி இருந்தவரை அதற்குத் தேவை வந்ததில்லை.

"எதையாச்சும் குடுங்கண்ணே. ரெண்டும் ஒரே கறிதானே?" என்றார் வியாபாரி.

"ஒமக்குக் கறி. கருப்பரு வந்து எஞ் சேவல் எங்கன்னு கேட்டா, இவுகளயா தூக்கிக் குடுக்குறது?" என்று என்னைக் காட்டினாள் மனைவி.

சாமிக்கு விட்டதன் மேல் தண்ணீர் தெளித்தால் உடம்பை உதறித் துலுக்கும். அதுதான் சாமியின் சம்மதம். மனைவி செம்பை நீட்டினாள்.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கிறீக? தெளிங்க."

தெளித்தேன். இரண்டும் துலுக்கவில்லை. செம்பு முழுவதையும் ஊற்றினேன். கழுத்திறகில் நீர் சொட்ட, அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

பின்னால் இறகு படபடத்தது. திரும்பினோம். சுவரோரம், ஒரு சொட்டும் படாத வெள்ளைச் சேவல் கொண்டையிலிருந்து வால்வரை துலுக்கிவிட்டு நின்றது.

வியாபாரி சாக்கைச் சுருட்டினார். வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

புண்பட்ட பெட்டைக்கு மஞ்சள் பூசி, அடுக்களைப் பக்கம் தனியாக விட்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில், என்றும் கூவாத வேளையில், மூன்று சேவல்களும் ஒரே மூச்சில் கூவின.

மனைவி தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு ஆசுபத்திரி வாசல்ல நின்னு, ஒரு சேவல் தாரேன்னு சொன்னனா, சேவல் தாரேன்னு மட்டும் சொன்னனா, இப்ப ஞாபகமில்லங்க."

"இருக்குற சேவல் அம்புட்டும்னு எடுத்துக்கிட்டாரோ?" என்று சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிந்தும் எதுவும் கூவவில்லை. கம்பு தூவுவதற்கு முன்பே, பழைய வேட்டியைக் கிழித்து மஞ்சளில் நனைத்து, மூன்றின் காலிலும் கட்டினேன். கட்டும்போது ஒன்றுகூடக் காலை இழுத்துக்கொள்ளவில்லை.