கச்சான் அடித்த ஞாயிற்றுக்கிழமை

கீப்பர் அண்ணாத்த எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அலையோரமாக நின்றது இன்னும் அப்படியே என் கண்ணில் இருக்கிறது. கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். மேலே பழைய பச்சை ஜெர்சி. முதுகில் ஒட்டியிருந்த ஒன்றாம் எண் பாதி உரிந்து தொங்கியது. கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, தொடுவானத்தில் ஏதோ படகை எதிர்பார்ப்பவர் போல நின்றார். அவருக்கு முப்பது தப்படி பின்னால், காயப்போட்ட வலைகளுக்கும் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகளுக்கும் நடுவே, நாங்கள் நாற்பது பேர் மணலில் உட்கார்ந்து அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் கிளப்புக்கு அடுத்த கோச் அவரா, வேறு ஆளா என்பதுதான் பேச்சு.

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் ஃபுட்பால் கிளப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. கோச் என்றாலும் மேனேஜர் என்றாலும் எங்களுக்கு ஒரே ஆள்தான். பதினோரு பேரைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, தோற்றால் திட்டு வாங்குவது எல்லாம் அவர் வேலை. அந்த ஆளை யார் என்று முடிவு செய்வதில் ஆடுகிற பையன்களுக்குப் பேச்சுக் கிடையாது. விட்டால் தங்களை வெளியே உட்கார வைக்காத ஆளாகப் பார்த்துப் பிடிப்பார்கள் என்று பயம். கரையில் நின்று கத்துகிற நாங்கள்தான், அதாவது பழைய ஆட்டக்காரர்களும் ரசிகர்களும், முடிவு செய்வோம். யார் பெயரைப் பேசுகிறோமோ அவர் எழுந்து போய் அலையோரம் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அலைச் சத்தத்தில் நாங்கள் பேசுவது அவர் காதில் விழாது. முகம் தெரியாததால் நாங்களும் கூச்சமில்லாமல் பேசலாம். பேசி முடித்ததும் ஒருவர் விசில் அடிப்பார், அவர் திரும்பி வருவார். என்ன பேசினோம் என்று அவர் கேட்கக் கூடாது, நாங்களும் சொல்லக் கூடாது.

நான் சதுரங்கப்பட்டினம் கடைத்தெரு ஆள். வாப்பாவுக்குச் செங்கல்பட்டில் பாத்திரக் கடை, இப்போது அதைப் பார்த்துக்கொள்வது நான். டீமில் முக்கால்வாசிப் பேர் மீனவர் குப்பத்துப் பையன்கள், கடைத்தெருவிலிருந்து நாங்கள் மூன்று நான்கு பேர். எல்லோருக்கும் நான் பாய்தான். ஒன்பது வருடம் இடது பக்க டிஃபென்ஸில் ஆடினேன். எனக்குப் பின்னால் கோலில் நின்றவர் கீப்பர் அண்ணாத்த. என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆடுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் கடலில் இருப்பார். படகில் அணியத்தில், அதாவது முன்னால், நின்று தண்ணீரைப் பார்த்து வழி சொல்வது அவர் வேலை.

ஒரு நாள் தூண்டில் நரம்பு அறுந்து தெறித்து அவருடைய இடது கண்ணில் அடித்தது. பத்து நாள் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார், பிறகு கட்டை அவிழ்த்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். வெளியே பார்க்கக் கண் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மேட்ச்சுக்கு முன்னால் என்னை மட்டும் தனியாகக் கூட்டிப்போய், "பாய், இந்தப் பக்கம் எனக்கு ஒண்ணியும் தெர்ல. பந்து உன் சைடு வந்தா ஒரு கொரல் குடு. வேற யார்கிட்டயும் சொல்லாத. போட்ல தெரிஞ்சா என்ன எறக்கி வுட்ருவாங்க" என்றார். நான் அல்லாஹ் மேல் சத்தியம் செய்தேன். கேட்காமலேயே செய்தேன். அன்றிலிருந்து ஆறு வருடம், பந்து என் பக்கம் வரும்போதெல்லாம் "எடது, அண்ணாத்த, எடது" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நான் வாயாடி என்று ஊரே கேலி செய்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. ஒரு பெரிய ஆட்டக்காரரின் பாதிக் கண் நான்தான் என்ற பெருமை.

பழைய கோச் உடம்பு முடியாமல் மகள் வீட்டுக்குப் போனபோது இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று கீப்பர் அண்ணாத்த. அவருக்கு அந்த வேலை மேல் எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். கடலுக்குப் போகாத நாள்களில் சின்னப் பையன்களை வரிசையில் நிறுத்திப் பந்தைப் பிடிக்க வைத்துக்கொண்டிருப்பார். மற்றொருவர் செங்கல்பட்டுக்காரர், கோச்சிங் சர்டிபிகேட் வைத்திருந்தவர். நான் அந்த சர்டிபிகேட் கட்சி. அதற்கு நியாயமும் இருந்தது. எங்கள் ஆட்டம் பழைய ஆட்டம், நீளமாக அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டம், அதை மாற்ற வெளியாள் வேண்டும் என்று நான் நம்பினேன். அதைச் சொல்லி நிறுத்தியிருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

பேச்சு சூடு பிடித்தது. டீ வந்தது, பேப்பர் கப்புகள் கைமாறின. "நாலு பேரு பின்னால, மூணு பேரு நடுவுல" என்று நான் மணலில் கோடு போட்டு விளக்கினேன். யாரும் பார்க்கவில்லை. எதிர்க்கட்சியில் ஒரு கிழவர், அந்தக் காலத்தில் விங்கில் பறந்தவர், எழுந்து நின்று, "சர்டிபிகேட்ட இன்னா பண்றது, நாக்கு வழிக்கிறதா? பின்னால நின்னு பதினெட்டு வருசமா மொத்த கிரவுண்டையும் பார்த்த ஆளு இவன். இவன வுட்டா யாருக்குத் தெரியும் ஆட்டம்?" என்றார். கைதட்டல் அள்ளியது. என் பக்கம் இருந்த இரண்டு பேர்கூடத் தட்டினார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. நான் தோற்றுக்கொண்டிருந்தேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

"மொத்த கிரவுண்டா?" என்றேன். "பாதி கிரவுண்டுன்னு சொல்லு பெர்சு. எடது கண்ணு அவிஞ்சிபோயி ஆறு வருசம் ஆவுது அவருக்கு. நான் கத்தலேன்னா ஒரு பந்து புடிச்சிருப்பாரா?"

சுருக்கென்று ஒரு பதில் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு. கடைத்தெருக்காரர்கள் இருவர் சிரித்தார்கள். குப்பத்து ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவரான எங்கள் பழைய கேப்டன் தலையைக் குனிந்து மணலைக் கிள்ளிக்கொண்டிருந்தார். கிழவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் பேச்சு அவர்களை அடித்துப்போட்டுவிட்டது என்று நினைத்தேன். காலியான ஒரு பேப்பர் கப் எங்கள் நடுவிலிருந்து உருண்டு உருண்டு தண்ணீர்ப் பக்கம் போய், அண்ணாத்தயின் காலடியில் நின்றது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. திரும்பவும் இல்லை.

விசில் அடித்தார்கள். அவர் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கை தூக்கச் சொல்வதற்கு முன்பே, "செங்கல்பட்டு சாரே வரட்டும்பா. எனக்கு கடல் வேல கீது, நேரம் பத்தாது" என்று சொல்லி, தன் கையையே முதலில் தூக்கினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷமாகவும் இருந்தது. அன்று போகும்போது அவர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனேன். இதை எழுதும்போது அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பத்து நாள் கழித்துப் பழைய கேப்டன் என் கடைக்கு வந்தார். குக்கருக்கு கேஸ்கட் வாங்க வந்தவர், வாங்கிய பிறகும் போகாமல் நின்றார்.

"பாய், நீ கடைக்காரன். ஒனக்கு காத்து தெரியாது. அன்னிக்கு கச்சான் அடிச்சிகினு இருந்துச்சி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. வழக்கமாகச் சாயங்காலம் கடலிலிருந்து கரைக்குக் காற்று வீசும், நாங்கள் பேசுவதெல்லாம் ஊர்ப் பக்கம் போய்விடும், கூடவே அலையும் இரைச்சல் போடும். கச்சான் மேற்கிலிருந்து வருகிற காற்று. அது வீசினால் அலை படுத்துவிடும், கரையில் முணுமுணுத்தால்கூடத் தண்ணீர் ஓரம் நிற்பவனுக்குக் கேட்கும். குப்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. பேச்சு நடுவில் காற்று திரும்பியதை அவர்கள் எல்லோரும் கவனித்திருக்கிறார்கள். என் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டதும், பேப்பர் கப் கடலைப் பார்க்க ஓடியதும் என் கண்ணெதிரே நடந்தவைதான். எனக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை.

"மைக் வச்சா மாதிரி கேட்டிருக்கும் அவருக்கு. நாங்க வாய மூடிகினு இருந்தது எதுக்குன்னு நெனச்ச?"

"என்னத் தடுத்திருக்கலாமே" என்றேன்.

"தடுக்கறதுக்குள்ள சொல்லிட்டியே பாய்."

அவர் அதோடு நிறுத்தவில்லை. படகுக்காரர் காதுக்கு விஷயம் மறுநாளே போய்விட்டதாம். ஒரு கண் இல்லாத ஆளை நம்பி எப்படிப் படகைக் கொண்டுபோவது என்று கேட்டாராம். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. கீப்பர் அண்ணாத்தயை இறக்கிவிட்டு, கரையில் வலை பார்க்கிற வேலையைக் கொடுத்துவிட்டார்கள். அவர் எதற்காக அந்த ரகசியத்தை என்னிடம் ஒப்படைத்தாரோ, அது ஒரு மாலைப் பேச்சில் போயிற்று. அண்ணாத்த காதில் விழுந்தது என்பதால் மட்டும் இது தப்பாகிவிடவில்லை. கடல்காற்றே வீசியிருந்தாலும் தப்பு தப்புதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அவர் காதில் விழுந்தது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. அதுவரை பத்து நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் வலையை விரித்துப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, வலது கண்ணை வலைக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தார். இனி மறைக்க வேண்டியதில்லை அல்லவா. நான் "அண்ணாத்த, அன்னிக்கு நான்" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னா இப்போ? பொய்யா சொன்ன? உண்மையத்தான சொன்ன. குந்து, டீ குடி" என்றார்.

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். நான் டீயைக் குடித்தேன். மகன் படிப்பைப் பற்றி விசாரித்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டு போனவன், அதைச் சொல்லாமலேயே எழுந்து வந்தேன். கடைக்குப் போகக் கல்பாக்கத்தில் பஸ் ஏறும்போது நெஞ்சு லேசாகிவிட்டது. பெரிய மனுஷன், மன்னித்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து வருடம் அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன்.

செங்கல்பட்டு கோச் நல்லவர்தான். டீமும் நன்றாகவே ஆடியது. போன மாதம் அவர் வேறு ஊர் டீமுக்குப் போய்விட்டார். மறுபடி அதே மணலில் கூடினோம். இப்போது கூட்டத்தில் பாதிப் பேர் எனக்குப் பழக்கமில்லாத இளவட்டம். நான்தான் முதலில் எழுந்து கீப்பர் அண்ணாத்த பெயரைச் சொன்னேன். நான் சொல்வதுதான் முறை என்று நினைத்தேன். கொஞ்சம் பெருந்தன்மையாகக்கூட உணர்ந்தேன் என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன். "யாரு, ஒத்தக்கண்ணு கீப்பரா?" என்று ஒரு பையன் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்த பெயரே அதுதான். அந்தப் பெயரை வைத்தவன் யார் என்று அவனுக்குத் தெரியாது.

அண்ணாத்த கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை. அவரைக் கூட்டிவர, அலையோரம் வந்து நிற்கச் சொல்ல, பழைய கேப்டன் போனார். அண்ணாத்த வேலை பார்த்தது வலைக் கொட்டகையில், கூப்பிடு தூரம்தான். நாங்கள் காத்திருந்தோம். பையன்கள் பலர் அவருக்குத்தான் கை தூக்குவோம் என்று பேசிக்கொண்டார்கள். கேப்டன் தனியாகத் திரும்பி வந்தார்.

"வரலியாம்" என்றார்.

"ஏன்?" என்று நான்தான் கேட்டேன்.

அவர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார். "யாரு என் பேரச் சொன்னதுன்னு கேட்டாரு. பாய்தான்னு சொன்னேன். சிரிச்சாரு. அவன் குந்தினு இருக்கிற எடத்துல நான் முதுகு காட்டி நிக்க மாட்டேன்னு சொல்லிடுன்னாரு."