முதலில் விழுகிறவர்

விழுவதற்கு முன் எறும்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார். ஓடிக்கொண்டேதான் பார்க்க வேண்டும். நின்று பார்த்தால் வேடம் கலைந்துவிடும். பழுப்புக் கம்பளிக் கோட்டு முழங்காலில் இடிக்க, மரத் துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு இருபது முப்பது அடி ஓடுகிறார். எதிர்வரிசையிலிருந்து வெற்று வெடி ‘டப்’பென்று வெடிக்கிறது. முதலில் வலது முழங்கால் மடிகிறது, பிறகு தோள், கடைசியாகக் கன்னம் புல்லில் படிகிறது. ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. அதை அவர் எடுப்பதில்லை.

“செத்தவனுக்குக் கை மரத்துப் போச்சுன்னா தெரியுமா? தெரியாதுல்ல. அப்ப நான் மட்டும் ஏன் எடுக்கணும்?” என்பார்.

போர் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இன்னும் இரண்டரை மணி நேரம் அப்படியே கிடப்பார்.

மற்ற நாட்களில் அவர் பல்செட் செய்கிறவர். மூன்று பல் மருத்துவர்களுக்குப் பொதுவாக ஒரு பட்டறை. மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அலமாரித் தட்டுகளில் வெள்ளைப் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஓர் எண். அந்த வாய்க்கு உரியவர்களை அவர் பார்ப்பதே இல்லை. அச்சு மட்டும்தான் வந்து சேரும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த அம்மா பகல்ல பொறுமைசாலி. தூங்கினா பல்லை நறநறன்னு கடிக்கிறாங்க” என்பார். என் கீழ்வரிசையையும் அவர்தான் செய்தார். அது உறுத்தவே நேராகப் பட்டறைக்கே போனேன், பழக்கம் அப்படி வந்ததுதான். “உங்க தாடையப் பாத்தா கோவக்காரர் மாதிரி தெரியலையே சார். பத்திரிகையில மட்டும் எப்படி அப்படி எழுதுறீங்க?” என்று முதல் நாளே கேட்டார். தெருவில் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் போர்க்குழுவில் மட்டும் அவர் பெயர் வேறு. “பொணம் வந்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள்.

முப்பது பேருக்கு மேல் உள்ள குழு அது. எல்லாரும் வயது வந்தவர்கள், வேலையும் குடும்பமும் உள்ளவர்கள். இருநூறு வருடங்களுக்கு முன் ஆற்றங்கரை வெளியில் நடந்த ஒரு போரை, அதே வெளியில், அதே உடையில், மாதம் இரண்டு ஞாயிறு திரும்ப நடத்துகிறார்கள். தளபதியாக வருகிறவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். போர்க்களத்திலும் வாய்ப்பழக்கம் போகவில்லை. “திரும்புறதுக்கு முன்னாடி பின்னாடி பாருய்யா!” என்று படையை அதட்டுவார். முதல் வருடம் ஒரு சிக்கல் இருந்தது. எல்லாருக்கும் கடைசிவரை சுட ஆசை. மூன்று மணி நேரம் கடும்போர் நடந்தும் ஒருவர்கூடச் சாகவில்லை. அப்போதுதான் பல்லுக்காரர் கையைத் தூக்கி, “நான் வேணா செத்துக்கிறேன்” என்றாராம்.

ஜெயித்தவர்களின் பெயர்களை ஆற்றோரத்தில் ஒரு கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். தோற்றவர்களில் நூற்றெழுபது பேரை விழுந்த இடத்திலேயே புதைத்ததாக ஒரு பழைய அறிக்கையில் ஒரே ஒரு வரி இருக்கிறது. பெயர் கிடையாது. பல்லுக்காரர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அந்த நூற்றெழுபதில் ஒருவனாக விழுவார். அவன் யார் என்பதைச் சனிக்கிழமை மாலையே முடிவு செய்துவிடுவார். ஒருவன் புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் கொப்புளத்தோடு வந்தவன். ஒருவன் தங்கையோடு சண்டை போட்டுவிட்டுச் சொல்லாமல் கிளம்பியவன். இன்னொருவனுக்குக் கடைவாய்ப் பல் வலி, மூன்று நாளாகத் தூக்கமில்லை. இதையெல்லாம் குழுவில் சொன்னால் சிரிப்பார்கள் என்று மனைவியிடம் மட்டும் சொல்வார். அவர் மனைவி கணக்கு டீச்சர். துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, “நாளைக்குச் சாகப்போறவருக்கு எதுக்குக் கோட்டுல மடிப்புக் கலையாம இருக்கணும்?” என்பாராம்.

இப்படியே நாலு வருடம் போனது. அப்புறம்தான் லிஃப்ட் மெக்கானிக் வந்தார்.

குழுவுக்குப் புதியவர், நாற்பது வயதிருக்கும், கலகலப்பானவர். அன்று அவருக்கு இரண்டாவது போர். கடைசிவரை சுட வேண்டிய வரிசையில் அவரை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் பாதியிலேயே, பல்லுக்காரர் கிடந்த இடத்துக்கு ஒரு கை தூரத்தில் வந்து விழுந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நன்றாக விழுந்திருந்தார்.

பல்லுக்காரர் அரைக்கண்ணால் பார்த்தார். பிறகு கண்ணை முழுதாகத் திறந்தார்.

“நடிக்கிறவன் வாயைத் திறப்பான் சார், ஆனா தாடைய விடமாட்டான்” என்று பின்னால் என்னிடம் சொன்னார். “அது நம்ம கையில இல்ல. தூங்கும்போதுகூட லேசாப் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கும். இவருக்கு விட்டுப்போச்சு. மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் சம்பந்தமே இல்லாம கிடந்துச்சு. என் அலமாரியில இருக்குமே, அப்படி.”

நாலு வருடத்தில் முதல் முறையாக அவர் போருக்கு நடுவில் எழுந்தார். ஓடிப்போய் மெக்கானிக்கைப் புரட்டிக் கோட்டைக் கிழித்தார்.

“பொணம் எழுந்திருக்கக் கூடாது! படுய்யா!” என்று தளபதி கத்தினார்.

“வண்டியக் கூப்பிடுங்க! ஆம்புலன்ஸ்!”

எதிர்வரிசையில் சிரித்தார்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் குறிபார்த்து அவரை இன்னொரு முறை சுட்டார். “ரெண்டு குண்டு வாங்கியும் சாகலையே!” என்றார். பல்லுக்காரர் மெக்கானிக்கின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டே சத்தமாக எண்ண ஆரம்பித்தார். பல் மருத்துவமனையில் ஒருநாள் ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்த வித்தை. எண்ணுகிற குரலைக் கேட்டுத்தான் தளபதிக்கு உறைத்ததாம். அவர் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். புகை அடங்கியது. முப்பது பேர் இருநூறு வருடத்துக்கு முந்தைய உடையில் சுற்றி நின்றார்கள். ஆம்புலன்ஸ் வரப் பதினொரு நிமிடம் ஆயிற்று. அதுவரை பல்லுக்காரர் கையை எடுக்கவில்லை.

மெக்கானிக் பிழைத்துக்கொண்டார். நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்து அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, ஒரு பை ஆப்பிளோடு பல்லுக்காரர் வீட்டுக்கு வந்தார். நன்றி சொன்னார், கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் டீ போட உள்ளே போனார். அதன் பிறகும் மெக்கானிக் எழுந்திருக்கவில்லை.

“சார், ஒண்ணு சொல்லணும். சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு மாசமா யோசிச்சிக்கிட்டிருந்தேன்.”

“சொல்லுங்க.”

“அன்னிக்கு விழுந்தப்புறம் நான் அங்கேயேதான் படுத்திருந்தேன். அதே எடம். ஆனா சத்தமே இல்ல. நம்ம ஆளுங்க யாரையும் காணோம். சுத்தி நிறையப் பேரு படுத்திருந்தாங்க, பழுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு.”

“நம்ம கோட்டா?”

“நம்மளது வேஷத்துக்குத் தைச்சது சார். அது தினம் உடுத்திப் பழசானது.”

பல்லுக்காரர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பயமா இல்ல சார். மரியாதையாத்தான் பேசினாங்க. உங்களை விசாரிச்சாங்க.”

“என்னையா?”

“நல்லா இருக்காரான்னு கேட்டாங்க. எல்லாருக்கும் உங்களைத் தெரிஞ்சிருக்கு. ஒருத்தனுக்குக் கன்னம் வீங்கியிருந்துச்சு. கடைவாய்ப் பல்லாம். பாத்துத் தர்றேன்னு அவரு சொன்னாரு, இன்னும் பாக்கலை, ஞாபகப்படுத்துங்கன்னான்.”

டீச்சர் டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார். கூடத்துக்கு வந்து, தட்டை வைத்து, “சர்க்கரை போதுமா பாருங்க” என்றார். மெக்கானிக் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

“நீங்க அவர்கிட்ட ஏதாவது சொல்லியிருந்தீங்களா?”

“இல்ல.”

“பல் வலிக்காரனை எனக்குத் தெரியும். நீங்கதான் சொன்னீங்க. பாத்துத் தர்றேன்னு எப்பச் சொன்னீங்க?”

பல்லுக்காரர் ஆப்பிள் பையை எடுத்து மேசையில் வைத்தார். “அன்னிக்கு அவனா விழுந்தேன்ல, அப்ப புல்லுல படுத்துக்கிட்டே மனசுக்குள்ள சொன்னேன். ‘இருய்யா, நான் பாத்துத் தர்றேன்’னு. வாயே திறக்கலை.”

“இனிமே போக வேணாம்” என்றார் டீச்சர்.

“சரி” என்றார் அவர்.

ஆறு மாதம் அவர் களத்துப் பக்கமே போகவில்லை. கோட்டு பீரோவில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் காய்கறி வாங்கினார், மின்விசிறியைத் துடைத்தார், மனைவியோடு கடைகண்ணிக்குப் போனார். ஆளும் கொஞ்சம் சதை போட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்றே டீச்சர் நினைத்தார். ஒருநாள் பட்டறைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது மேசையில் ஒரு கீழ்த்தாடை இருந்தது. பிளாஸ்டர் இன்னும் ஈரமாக இருந்தது. அடியில் எண் இல்லை.

“இது யாரோடது?”

“தெரியல.”

“அச்சு எங்க?”

“அச்சு வரல. கை பாட்டுக்குச் செஞ்சிருச்சு.”

டீச்சர் குனிந்து பார்த்தார். கடைவாயில் ஒரு பல்லில் ஆழமாகக் குழி. பென்சில் முனை நுழையும் அளவுக்கு.

“ஆமா, அதான். பாவம், அதுல எப்படித் தூங்குவான்?” என்றார் கணவர், வேறு எவருடைய பல்லைப் பற்றியோ பேசுகிற சாதாரணக் குரலில்.

இதை என்னிடம் சொன்னது டீச்சர்தான். “நான் அழுவேன், சண்டை போடுவேன்னு நினைச்சிருப்பாரு. நான் உக்காந்து யோசிச்சேன் சார். இவரு அங்க போகலைன்னா அவங்க இங்க வர்றாங்க. வந்தா எனக்கு அரிசி அளந்து போட முடியாது, நூத்தெழுபது பேரு. அதுக்கு இவரே போயிட்டு வரட்டும். கூட நானும் போறேன்.”

அடுத்த ஞாயிறு டீச்சரே கோட்டை எடுத்து இஸ்திரி போட்டார். பல்லுக்காரர் அந்தத் தாடையைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது பை காலியாக இருந்தது. விரல் நகங்களில் மண். டீச்சர் கேட்கவில்லை, சோப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

அவர்களுக்குள் ஒரே ஓர் ஒப்பந்தம் உண்டு. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் இடது பூட்ஸ் நுனியை லேசாக ஆட்ட வேண்டும். செத்தவன் கால் ஆடலாமா என்று முதலில் முரண்டு பிடித்தாராம். “ஆடலைன்னா நான் களத்துக்குள்ள வந்துருவேன், சேலையோட” என்று டீச்சர் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

போன ஞாயிறு நானும் களத்தோரம் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் குடையை விரித்துக்கொண்டு, மடியில் வைத்துத் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு கணக்கு, ஒரு பார்வை. ஒரு கணக்கு, ஒரு பார்வை. பூட்ஸ் ஆடியது. மீண்டும் ஆடியது. வெடிச்சத்தம் ஆற்றுப் பக்கமாக நகர்ந்துபோனது. லிஃப்ட் மெக்கானிக் இப்போது ஓடுவதில்லை. எல்லாருக்கும் தண்ணீர் எடுத்துப் போகிறார். பல்லுக்காரர் கிடக்கும் பக்கம் வரும்போது மட்டும் நேராக நடப்பதில்லை. கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் விருந்தாளிகளை மிதிக்காமல் போகிறவர்போலக் காலைத் தூக்கித் தூக்கி, வளைந்து வளைந்து வைக்கிறார். அங்கே வெறும் புல்தான்.

பிறகு பூட்ஸ் ஆடவில்லை.

டீச்சரின் சிவப்புப் பேனா நின்றது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம். நாலு. ஒரு நாரை வந்து அவர் முதுகுக்கு அருகில் இறங்கி, இரண்டடி நடந்து, அவரைத் தாண்டி எதையோ கண்டு மிரண்டதுபோலச் சட்டென்று எழும்பிப் பறந்தது. டீச்சர் எழுந்து நின்றார். தாள்கள் மடியிலிருந்து சரிந்தன. அவர் ஓரடி எடுத்து வைத்தபோது பூட்ஸ் நுனி அசைந்தது. வழக்கத்தைவிட மெதுவாக, தொலைவிலிருந்து திரும்பி வந்ததுபோல.

“வேணும்னே பண்றாரு” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். குனிந்து தாள்களைப் பொறுக்கினார். மேலே இருந்த தாளில் பேனா ஒரு மாணவனின் விடையைக் குத்திக் கிழித்திருந்தது. அதற்கு முழு மதிப்பெண் போட்டார்.

விசில் ஊதியதும் போர் முடிந்தது. அங்கங்கே விழுந்து கிடந்தவர்கள் துள்ளி எழுந்து, உடையைத் தட்டிக்கொண்டு, டீ எங்கே என்று கேட்டுக்கொண்டு போனார்கள். பல்லுக்காரர் கடைசியாக எழுந்தார். மரத்துப்போன கையை மறு கையால் தூக்கி உதறினார். அவர் கிடந்த இடத்தில் புல் படிந்திருந்தது. இருபுறமும்கூடப் படிந்திருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்த டீச்சர், “முன்னாடி வேற யாராவது படுத்திருப்பாங்க” என்றார். பிறகு குடையை மடக்கினார்.

பல்லுக்காரர் எங்களை நோக்கிப் பத்துப் பன்னிரண்டு அடி நடந்தார். அங்கே நின்று திரும்பினார். வழியனுப்ப எழுந்திருக்கிறவர்களை ‘இருக்கட்டும், இருக்கட்டும்’ என்று உட்காரச் சொல்வோமே, அப்படி வலது உள்ளங்கையைக் கீழ்நோக்கி, ஆளில்லாத அந்தப் புல்வெளியின் மேல் மெதுவாக இரண்டு முறை தாழ்த்திக் காட்டினார்.