ஜெப்ஸி நிறுத்திய நீலத் தண்ணீர்

பதினேழு ஆண்டுகள் தலையில் சாந்துச் சட்டி, மூன்று ஆண்டுகள் கையில் கொத்துக்கரண்டி. திரேஸ்புரம் ஜெப்ஸியின் வேலைக்கணக்கு இவ்வளவுதான். கரண்டி பிடித்த இந்த மூன்று ஆண்டுகளில் அவரோடு ஒத்துப்போன ஆட்களைவிடச் சண்டை போட்டு விலகிய ஆட்கள்தான் அதிகம்.

சட்டி சுமந்தது முழுவதும் வன்னியபெருமாளிடம். திருச்செந்தூரில் லாட்ஜுகளும் காயல்பட்டினத்தில் வீடுகளும் கட்டிக்கொடுக்கும் காண்ட்ராக்டர் அவர். பெண் கரண்டி பிடிக்கக் கூடாது என்பதற்கு அவர் பல காரணங்கள் சொல்வார். உண்மையான காரணம், சித்தாள் கொத்தனார் ஆகிவிட்டால் சட்டி சுமக்க ஆள் குறையும் என்பது. மாதா கோவில் திருவிழாவுக்காகக் கொத்தனார்கள் வராத ஒரு நாளில் ஜெப்ஸி தானாகவே ஒரு குளியலறைத் தளத்தைப் போட்டு முடித்தார். மறுநாள் வன்னியபெருமாள் எல்லோர் முன்னிலையிலும் அதை உடைக்கச் சொன்னார். அன்று மாலை ஜெப்ஸி வேலையை விட்டார். போகும்போது வன்னியபெருமாளின் கரண்டி ஒன்றையும் எடுத்துப் போனார். அதன் பிறகு குளியலறை வேலை மட்டும்தான்.

அந்த வன்னியபெருமாள் போட்ட தளம் ஒழுகுகிறது என்று போன மாதம் காயல்பட்டினத்து ராஹிலா கூப்பிட்டார். காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ராஹிலாவின் மகள் யுஸ்ராவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாடி அறை புதுத் தம்பதிக்கு. அதன் குளியலறைக்கு நேர் கீழே ராஹிலாவின் அறை. ஓராண்டாக அந்தக் கூரையில் ஈரம் படர்ந்துகொண்டே வந்தது. வன்னியபெருமாள் ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்த்து, மழைத் தண்ணீர் என்றார். அவருடைய ஆட்கள் வந்தபோதெல்லாம், அந்நிய ஆண்கள் முன்னால் வராத வீட்டுப் பெண்கள் பின்பக்க முடுக்குச் சந்து வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார வேண்டியிருந்தது. கடைசியில் ராஹிலா அவருக்குக் கதவைத் திறக்கவில்லை.

ஜெப்ஸிக்குத் திறந்தார். வரவேற்கவில்லை.

"கொத்தனார்ல நல்லவன் ஒருத்தனையும் நான் பாத்ததில்ல. நீ எப்படி?"

"நல்லவ இல்ல லாத்தா. தளம் நல்லாப் போடுவேன்" என்றார் ஜெப்ஸி, அக்கா முறை வைத்து.

டைல்ஸைப் பெயர்த்தபோது அடியில் இருந்த கலவை கறுத்து நாறியது. ஜெப்ஸி அதில் ஒரு கைப்பிடி அள்ளிச் செய்தித்தாளில் வைத்து ராஹிலாவின் முன்னால் நீட்டினார்.

"இந்தாங்க, அண்ணாச்சி வச்ச பிரியாணி."

டைல்ஸின் இணைப்புகள் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் கீழே இறங்கும். அப்படி இறங்கும் தண்ணீரும் வடிகுழிக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் ஷவருக்குக் கீழே இரண்டு தடவை கலவை போட வேண்டும் என்பது ஜெப்ஸியின் முறை. முதல் கலவையிலேயே குழியை நோக்கிச் சரிவாக வாட்டம் கொடுத்து, அதன்மேல் தண்ணீர் புகாத பூச்சை இரண்டு கை அடித்து, சுவரிலும் முழங்கால் உயரம் ஏற்றி, அதற்கு மேல் மறுபடி வாட்டத்தோடு கலவை, பிறகு டைல்ஸ். வன்னியபெருமாள் மேலே மட்டும் வாட்டம் கொடுத்திருந்தார். அடியில் இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே கிடந்தது.

எதிர் வீட்டில் அவர் காம்பவுண்டுச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார். டீக்கடையில் ஜெப்ஸியைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்.

"ஏளா ஜெப்ஸி, மாடில நீச்சல் கொளமா கெட்டுத?"

"ஓம்ம கொளத்தத்தான் தூத்துக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி."

அவருடைய ஆட்களே சிரித்துவிட்டார்கள். வன்னியபெருமாள் சிரிக்கவில்லை.

"அது ஒழுகுச்சின்னா கரண்டிய என் கையில தந்துட்டு மறுநாளே சட்டியத் தூக்கணும். பெறகு கரண்டியத் தொடவே கூடாது. சரின்னு சொல்லுதியா?"

"சரி."

கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். வாய்வழியாகத்தான் வேலை வரும் ஊர்களில் இப்படிச் சொன்ன ஒரு 'சரி'யைத் திருப்பி எடுக்க முடியாது.

முதல் கலவை காய்ந்தது. பூச்சு அடிக்கும்முன் வடிகுழிக் குழாயை மாற்ற வேண்டும். பிளம்பர் வரவில்லையா என்று யுஸ்ரா கேட்டார்.

"அவன் பேச்ச எடுக்காதம்மா. பைப்பும் நானே வைப்பேன்."

அவன் என்றது லிங்கராஜை. திருச்செந்தூர் லாட்ஜ் ஒன்றில், ஈரம் காயாத பூச்சின் மேல் செருப்போடு நடந்தவர். ஜெப்ஸி கரண்டியை எறிந்தார். அது அவர் தோளில் பட்டது. லாட்ஜ்காரர் இருவரையும் வெளியே அனுப்பினார். அன்றிலிருந்து ஜெப்ஸி எந்த பிளம்பரையும் கூப்பிடுவதில்லை.

குழாய் வைத்து, சுற்றிலும் கலவை அடைத்து, பூச்சும் அடித்தாயிற்று. மேல் கலவை போடும்முன் சோதனை. குழியைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்துத் தளம் நிறையத் தண்ணீர் விட்டார். சுவரில் நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு கிழித்தார். பிறகு பையிலிருந்து சொட்டு நீலம் பாட்டிலை எடுத்து அப்படியே கவிழ்த்தார்.

ராஹிலா கையைப் பிடித்தார். "ஏளா, என்ன பண்ணுத? கீழ இப்பத்தான் வெள்ளையடிச்சிருக்கு."

"வெறுந்தண்ணி எறங்குனா மழைம்பாங்க. நீலம் எறங்குனா யாரும் மழைன்னு சொல்ல முடியாது."

"என் கூரைதான் ஒனக்குக் கெடச்சுதா?"

"ஒழுகுனாத்தான் கூரை கெடும் லாத்தா. இது ஒழுகாது."

மறுநாள் காலை ஜெப்ஸி வந்து மாடிப்படியில் கால் வைத்ததும் ராஹிலா கீழ் அறையிலிருந்து கூப்பிட்டார்.

"மேல போக வேண்டாம். இங்கன வா."

வெள்ளைக் கூரையில், குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி நீல வளையம். நடுவில் ஒரு சொட்டு தொங்கியது. ராஹிலா அதன் அடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜெப்ஸி மேலே போய்த் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டுக் குழாயைச் சுற்றி விரலை ஓட்டினார். கலவை குழாயை விட்டு விலகியிருந்தது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் சிமெண்ட் பிடிக்காது. குழாயை உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, அது காய்வதற்குள் மணலைத் தூவிவிட்டால் பிடிக்கும். லிங்கராஜ் ஒவ்வொரு குழாய்க்கும் அப்படித்தான் செய்வார். பலகாரத்துக்கு எள்ளு தூவுதியா என்று அவரைக் கேலி செய்தவர் ஜெப்ஸி. தன் குழாய்க்கு அவர் எதையும் தூவவில்லை.

"பிளம்பர் வரலியான்னு கேட்டேன்ல" என்றார் வாசலில் நின்ற யுஸ்ரா.

"கேட்டே. அதையும் எழுதி வாசல்ல ஒட்டு."

சுத்தியலை எடுத்துக் குழாயைச் சுற்றித் தன் தளத்தைத் தானே உடைத்தார். சத்தம் தெருவுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் வன்னியபெருமாள் வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் அவருடைய ஆட்கள்.

"ஏளா, கரண்டியக் கொண்டா."

ஜெப்ஸி கரண்டியோடு கீழே இறங்கினார். முகம் இறுகியிருந்தது. நடையில் தயக்கமில்லை. ஆனால் ராஹிலா கதவுக்குப் பின்னால் நின்று ஒரு கையால் வழியை மறித்துவிட்டார்.

"அவ எங்கயும் வரமாட்டா. என் மாடில குழியத் தோண்டிப் போட்டுட்டு ஒங்க வேலைக்கு வரவா?"

"பந்தயம்மா. ஊரே கேட்டுச்சு. அவளே சரின்னு சொன்னா."

"ஒங்க தளம் ஒரு வருசம் ஒழுகுச்சி. மழைன்னு சொன்னீங்க. அதுக்கு யாரு சட்டி தூக்குனா?"

வன்னியபெருமாள் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருடைய ஆள் ஒருவர் இருமினார்.

"மாடிய முடிச்சுட்டு அவ எங்க வேணும்னாலும் போகட்டும். அதுவரைக்கும் இந்தப் படி தாண்டக் கூடாது" என்று ராஹிலா கதவைச் சாத்தினார். பிறகு ஜெப்ஸியின் பக்கம் திரும்பினார். "நீ சந்தோசப்படாத. இன்னொரு தடவ ஒழுகுனா சட்டிய நானே எடுத்து ஒன் தலையில வைப்பேன். கூரைக்கு வெள்ளையடிக்கதும் நீதான்."

"அடிக்கேன்" என்றார் ஜெப்ஸி. நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. ராஹிலாவும் எதிர்பார்க்கவில்லை.

மாலைக்குள் விஷயம் திருச்செந்தூர் வரை போய்விட்டது. நான்கு குளியலறைகளுக்குப் பேசி வைத்திருந்த லாட்ஜ் மேனேஜர் போன் செய்து, இப்போதைக்கு வேண்டாம் என்றார். ஜெப்ஸி போனை வைத்துவிட்டு லிங்கராஜின் எண்ணைத் தேடினார். மூன்றாவது முறை அடித்தபோதுதான் அவர் எடுத்தார்.

"யாரு?"

"ஜெப்ஸி."

"இன்னொரு தோள் பாக்கி இருக்கு. அதுக்கா?"

"பைப்பு ஒண்ணு வைக்கணும்."

"கேக்கலியே. சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொன்னார். அந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர் சிரிப்பது கேட்டது. லிங்கராஜ் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"வாரேன். நான் வேல பாக்கும்போது நீ வாயத் தொறக்கக் கூடாது."

"செருப்பக் கழட்டிட்டு வா" என்று சொல்லி ஜெப்ஸி போனை வைத்தார்.

ஆண் ஒருவர் மாடிக்கு வருகிறார் என்று சொன்னதும் ராஹிலா முகத்தைச் சுளித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். புதன்கிழமை காலை லிங்கராஜ் வருகிறார். அவர் வேலை முடியும்வரை ராஹிலாவும் யுஸ்ராவும் பக்கத்து வீட்டில் இருப்பார்கள். குழாயைச் சுற்றிய கலவையும் பூச்சும் காய்ந்த பிறகு, திங்கட்கிழமை ஜெப்ஸி மறுபடி குழியை அடைத்துத் தண்ணீர் நிறுத்துகிறார். வன்னியபெருமாளின் பந்தயக் கணக்கு அதற்குப் பிறகு.