சொந்த ஊற்று

நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற காணி விற்பனை அலுவலகத்தில் நான் ஆறு வருடங்களாக வேலை செய்கிறேன். காணி விற்க வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, தமிழிலும் சிங்களத்திலும் விளம்பரம் எழுதுவது என் வேலை. அலுவலகத்துக்கு ஒரு முகநூல் பக்கம் உண்டு. வெறும் காணி விளம்பரமாகவே போட்டால் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று எங்கள் முதலாளி அதில் ஊர்ச் செய்திகளையும் போடச் சொல்வார். எந்தப் பாதையில் மண் சரிந்திருக்கிறது, எந்தக் கோவிலில் தேர், எந்தத் தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் போகிறது என்று தேடி எழுதுவதும் நான்தான். உண்மையைச் சொன்னால், விளம்பரத்தைவிட அந்தச் செய்திகளை எழுதத்தான் எனக்குப் பிடிக்கும்.

கடந்த இரண்டு மூன்று வருடங்களாக அலுவலகத்துத் தொலைபேசி ஓய்வதில்லை. கூப்பிடுகிறவர்கள் இரண்டு வகை. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பேசுகிறவர்கள் முதலில் கேட்பது, "வியூ இருக்கா?" அடுத்தது, "பக்கத்துல வீடுகள் இல்லைதானே?" தோட்டங்களிலிருந்து பேசுகிறவர்கள் வேறு மாதிரிக் கேட்பார்கள். "பஸ் போற ரோட்டுக்குக் கிட்டவாங்க? உறுதிப் பத்திரம் எங்க பேருக்கே வருமுங்களா?" மகனோ மகளோ கொழும்பில், இல்லாவிட்டால் கட்டாரில் உழைத்து அனுப்பியதை வைத்துக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியே நாலு பேர்ச் அளவில் ஒரு துண்டுக் காணி தேடுகிறவர்கள் அவர்கள். முதல் வகை ஆட்கள் ஒவ்வொரு காணியாக வாங்க வாங்க, இரண்டாம் வகை ஆட்கள் கேட்கிற விலையில் எதுவும் மிஞ்சுவதில்லை. நான் பிறந்தது இரண்டாம் வகையில். சம்பளம் வாங்குவது முதல் வகையால். இதை அந்த நாட்களில் நான் பெரிதாக யோசித்ததில்லை.

நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டம் ராகலைப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு நானும் கணவரும் நுவரெலியாவில் வாடகைக்கு இருக்கிறோம். அம்மா இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார்.

ஒரு நாள் காலையில் அலுவலகத்துப் படியேறி வந்தவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் லயத்துக்கு நேர் மேலே இருக்கிற மரக்கறித் தோட்டத்தின் சொந்தக்காரர். சிங்களவர், எழுபது வயது தாண்டியவர். நாங்கள் எல்லாரும் அவரை, ஐயா என்ற அர்த்தத்தில், மாத்தயா என்றுதான் கூப்பிடுவோம். நான் யாருடைய மகள் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் இத்தாலியில் தங்கிவிட்டார்கள். முழங்கால் வலியில் பாத்தியில் குனிய முடியவில்லை. காணியை விற்றுவிட்டு ராகலை டவுனில் தங்கை வீட்டோடு இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தார்.

நான் கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டேன். உறுதி தெளிவு. லொறி வருகிற பாதை உண்டு. மின்சாரம் உண்டு.

"தண்ணி?" என்று கேட்டேன்.

"ஊற்று இருக்கிறதே, உனக்குத் தெரியாததா?" என்றார். "எந்த வெயிலுக்கும் வற்றியதில்லை."

எனக்குத் தெரியும். அந்த ஊற்றிலிருந்து ஒரு கறுப்புப் பைப் தேயிலை மலை வழியாக இறங்கி எங்கள் லயத்து வாசலுக்கு வருகிறது. அது வந்து விழுகிற இடத்தை நாங்கள் பீலி என்போம். லயத்தில் பன்னிரண்டு வீடு. குளிப்பது, துவைப்பது, உலை வைப்பது எல்லாம் அந்தத் தண்ணீரில். மாத்தயாவின் அப்பா காலத்தில் எங்கள் லயத்து ஆட்கள் கேட்டுப் போட்ட பைப். ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது.

அவர் போனபிறகு விளம்பரத்தை எழுத உட்கார்ந்தேன். தண்ணீருக்கு வந்ததும் கை நின்றது. பைப்பைப் பற்றி எழுதினால் வாங்க வருகிறவர்கள் பின்வாங்குவார்கள், முதலாளி முகம் சுளிப்பார். வாங்குகிறவர் மாத்தயா மாதிரியே விட்டுவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'வற்றாத சொந்த ஊற்று உண்டு' என்று எழுதினேன். ஊற்று என்பதும் வற்றாது என்பதும் அவர் சொன்னவை. 'சொந்த' என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அது நான் போட்டது.

காணி சீக்கிரமே விலைபோனது. வாங்கியவர் கொழும்பில் இருக்கிற ஓய்வுபெற்ற பொறியியலாளர், யாழ்ப்பாணத்துக்காரர். ஐந்தாறு அறைகளோடு ஒரு தங்குமிடம் கட்டப்போவதாக முதலாளி சொன்னார். இந்தப் பக்கத்து இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும் என்று அதையும் ஊர்ச் செய்தியாக எழுதினேன். நிறையப் பேர் விருப்பம் போட்டிருந்தார்கள்.

அடுத்த வெயில் காலத்தில் ஒரு காலை அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ரெண்டு நாளா பீலியில தண்ணி வரலடி. மேல கம்பி அடிச்சிட்டாங்க. பைப்ப கழட்டி தேயிலைக்குள்ள வீசிக் கெடக்கு. கீழ ஆத்துக்குப் போயி தூக்கிட்டு வர்றோம். பக்கத்து வீட்டுப் புள்ள நெற மாசம், அதுவும் கேன தூக்குது."

அம்மாவிடம் விசாரிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

முதலாளியிடம் போனேன். அவர் சிங்களவர், என்னைத் தங்கச்சி என்ற அர்த்தத்தில் நங்கி என்று கூப்பிட்டு, பாதி தமிழும் பாதி சிங்களமுமாகப் பேசுவார். கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நங்கி, உறுதி எழுதி முடிஞ்சது. இனி கம்பிக்கு உள்ளே இருக்கிறது அவருடையது. நாம என்ன செய்ய?"

"நம்ம முகநூல் பக்கத்துல செய்தியா போடவா சேர்?"

"வேணாம். அப்புறம் யாரு நம்மகிட்ட காணி வாங்குவாங்க?"

இருந்தாலும் செய்தியை எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது, தண்ணீரை நிறுத்தியவர்மேல் எல்லாப் பழியும் இருந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை அழித்துவிட்டு மாத்தயாவுக்கு போன் பண்ணினேன். வாங்கியவரிடம் பைப்பைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"நான் சொல்லவில்லை மகள்," என்றார் சிங்களத்தில். "நீ அந்த லயத்துப் பிள்ளை. நீ எழுதியிருப்பாய் என்று நினைத்தேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ராகலைக்குப் போனேன். வாங்கியவர் கட்டிட வேலையைப் பார்க்க மேலே வந்திருந்தார்; அவரைப் பார்க்கத் தானும் வருவேன் என்றார் அம்மா. லயத்துக்குப் பின்னால் உள்ள குறுக்குப் பாதையில் ஏறிப் போனோம். கரட் பாத்திகள் இருந்த இடத்தில் அத்திவாரம் வெட்டியிருந்தார்கள். கம்பளித் தொப்பியோடு நின்ற உயரமான மனிதர், காணியை வாங்கிய பொறியியலாளர், எங்களைப் பார்த்து, "வாங்கோ" என்றார். பிளாஸ்டிக் கதிரைகளைத் துடைத்துப் போட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார் அவர். "பழைய பைப் எண்டு நினைச்சு வேலையாட்கள் கழட்டிப் போட்டிட்டாங்கள்." பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தேடி எனக்குக் காட்டினார். "இஞ்ச பாருங்கோ. சொந்த ஊற்று எண்டு போட்டிருக்கு. இதைப் பாத்துத்தான் நான் வந்தனான். தண்ணி இல்லாட்டி இந்தக் காணியை வாங்கியிருக்க மாட்டன்."

"அத எழுதினது நான்தான் சேர்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவும் திரும்பிப் பார்த்தார். அம்மாவுக்கு அதுவரை தெரியாது.

"நீங்கள் இந்த இடத்துப் பிள்ளை எண்டால், பைப் போறது தெரிஞ்சிருக்குமே?"

"தெரியும் சேர். தெரிஞ்சும் எழுதாம விட்டுட்டேன்."

அவர் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு ஊற்றடிக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். வாளியை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நிறையும்வரை குனிந்தபடியே நின்றார். மூன்று தடவை அப்படிச் செய்தார். பிறகு மண்ணில் ஒரு குச்சியால் ஏதோ கணக்குப் போட்டார்.

"இந்த வெயிலுக்கு, பகல் முழுக்க ரெண்டு பக்கமும் ஓட விட்டால் காணாது," என்றார். "ஆனால் இரவில ஓடுற தண்ணி வீணாத்தான் போகுது. கீழ ஒரு தண்ணித் தாங்கி வைச்சால் இரவுத் தண்ணி முழுக்க உங்களுக்கு வரும். பகலில எனக்கு. மழைக்காலத்தில பிரச்சினையே இல்லை."

கோவில் கமிட்டியிடம் திருவிழா அன்னதானத்துக்கு வைத்திருக்கிற பெரிய தாங்கி ஒன்று இருப்பதாகவும், கேட்டால் தருவார்கள் என்றும் அம்மா சொன்னார். இதைக் கடிதமாக எழுதித் தர முடியுமா என்று நான் பொறியியலாளரிடம் கேட்டேன். அவர் தயங்கினார்.

"எழுதித் தந்தால் நாளைக்கு அது உரிமை எண்டு ஆகிடும் பிள்ளை. நான் சும்மா சொல்லுறன். என்ர சொல்லை நம்புங்கோ."

"நம்புறோமுங்க," என்றார் அம்மா. "பழைய மாத்தயாவோட சொல்லையும் நம்பித்தான் இத்தன வருசம் குடிச்சோம். அவரும் நல்லவருதாங்க. எழுதாம விட்டதாலதான் இன்னைக்கு நின்னுபோச்சு."

கடிதத்துக்கு அவர் சம்மதிக்கவில்லை. ஆனால் அன்று மாலைக்குள் பைப்பை மாட்டிவிடச் சொல்லி வேலையாட்களைக் கூப்பிட்டார்.

இறங்கி வருகிற வழியில் அம்மா எனக்கு முன்னால் நடந்தார். பாதி வழியில் திரும்பாமலே கேட்டார்.

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"மறந்து போயி எழுதாம விட்டியா, வேணும்னே விட்டியா?"

"வேணும்னேதான்."

லயத்துக்கு வந்ததும் அம்மா வீட்டுக்குள் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். ஆற்றிலிருந்து தூக்கி வந்த தண்ணீரில் போட்ட தேத்தண்ணி.

மூன்று கிழமை கழித்துப் பொறியியலாளர் அலுவலகத்துக்கே வந்தார். கடிதம் தருவதாகவும், நானே அதை எழுத வேண்டும் என்றும் சொன்னார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு பக்கத்துக்கு நான் அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. பைப் எப்போது யார் அனுமதியோடு போடப்பட்டது, எத்தனை வீடு, எந்த நேரம் யாருக்கு என்று எல்லாவற்றையும் எழுதினேன். படித்துப் பார்த்தவர் ஒரே ஒரு இடத்தில் பேனாவை வைத்தார். 'எக்காலத்துக்கும்' என்று நான் எழுதியிருந்ததை வெட்டி, 'காணி என் கையில் இருக்கும் வரை' என்று மாற்றினார். "என்னால ஏலுமானது இவ்வளவுதான்," என்றார். கிராம சேவகர் முன்னால் கையெழுத்துப் போட்டார். அதன் பிரதி ஒன்று கோவில் கமிட்டித் தலைவர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.

இப்போது தாங்கி நிறைகிறது. போன வெயிலில் இரண்டு கிழமை மட்டும் தட்டுப்பாடு வந்தது. அப்போது பொறியியலாளரே வேலையாளை அனுப்பி, பகலிலும் ஒரு மணி நேரம் திறந்துவிடச் சொன்னாராம். தங்குமிடத்தில் எங்கள் லயத்துப் பெண்கள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அவர் காணியை விற்றால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

காணி விற்க வருகிற ஒவ்வொருவரிடமும் இப்போது ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன். உங்கள் காணி வழியாக வேறு யாருடைய தண்ணீரோ நடைபாதையோ போகிறதா? இருந்தால் விளம்பரத்தில் எழுதிவிடுகிறேன். இதைக் கேட்டுக் கோபப்பட்டு ஒருவர் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

அம்மா அந்த விஷயத்தை மறுபடி எடுத்ததே கிடையாது. என்னை மன்னித்துவிட்டாரா என்று நானும் கேட்டதில்லை. போன மாதம் லீவில் அங்கே போயிருந்தபோது, டவுன் பக்கம் நாலு பேர்ச் வாங்க ஆசைப்படுகிற ஒரு அக்கா வாசலில் நின்று அம்மாவிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே இருப்பது அம்மாவுக்குத் தெரியும்.

"எம்மகதான் இருக்காளே, அவகிட்டயே கேளு," என்றார் அம்மா. "எல்லாம் தெரியும் அவளுக்கு. ஆனா ஒன்னொன்னா, வெவரமா கேட்டுக்க."