மண்ணுக்குள் கரண்ட் விட்டுப் பார்த்தார்கள்

தேயிலைக் கொழுந்துக்கு விலை விழுந்து, வாங்குகிற ஃபேக்டரிகளும் ஒவ்வொன்றாக மூடியதிலிருந்து தோட்டத்தை விற்றுவிடலாம் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். காட்டேஜ் கட்டுவதற்காக வாங்க, கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இன்று வந்தார். சரிவு கட்டடத்தைத் தாங்குமா என்று பார்க்க ஓர் இன்ஜினியரையும் கூட்டிவந்தார்.

"குழியெல்லாம் தோண்ட மாட்டோமுங்க. ஒரு செடிக்கும் சேதமில்லை" என்றார் இன்ஜினியர்.

இரும்புக் கம்பிகளைச் சரிவில் வரிசையாக அடித்து, ஒயர் மாட்டி, மண்ணுக்குள் கரண்ட் விட்டார். மீட்டரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"மேல்மண்ணுல கரண்ட் தாராளமா ஓடுதுங்க. ஈரமா, களிமண்ணா, உரத்து உப்பான்னு பிரிச்சுச் சொல்ல முடியல. ஏனுங்க, சமீபத்துல உரம் போட்டீங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் குன்னூர் ரோட்டைப் பார்த்தேன்.

பல வருடங்களாக உரமே காணாமல் மஞ்சளடித்துக் கிடந்த செடிகள். வாங்க வருபவர் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியட்டும் என்று போன மாதம்தான் அள்ளி அள்ளிப் போட்டோம். மண்ணுக்குள்ளும் பார்ப்பார்கள் என்று யார் கண்டது?

"மழை முடியட்டுமுங்க. உரத்து உப்பெல்லாம் கரைஞ்சு போனதும் மறுபடி அளந்துக்கலாம்" என்று கோயம்புத்தூர்க்காரர் காரில் ஏறிவிட்டார். கொடுத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை. எங்கள் தோட்டத்து டீ.

மழைக்கு இன்னும் நாளிருக்கிறது. அதற்குள் செடி முழுக்கக் கொழுந்து தளதளவென்று வந்து நிற்கிறது, நல்ல காலத்தில்கூட இப்படி வந்ததில்லை.

இலை வாங்குகிற ஃபேக்டரி எதுவும் இன்னும் திறந்திருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள்.