எந்தக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறது?

பிள்ளைகளா, அப்பா கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனது படித்துப் பட்டம் வாங்கி இல்லை. டைப்ரைட்டிங் லோயர் பாஸ், அவ்வளவுதான். அதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் அதே கம்பெனியில் கிரைண்டிங் மெஷினில் நின்றவன். மூக்கைச் சிந்தினால் இரும்புத்தூள் வரும்.

தொண்ணூறுகளில் நாலு செக்‌ஷனுக்கும் என் ரூமுக்குமாக ஐந்து கம்ப்யூட்டர்களை ஒயர் போட்டு இணைத்தார்கள். பெரிய வேலை வந்தால் ஐந்தும் பங்கு போட்டுச் செய்ய வேண்டும். அதற்கு ஒவ்வொரு செக்‌ஷனும் தன் கம்ப்யூட்டரைப் பற்றி, மெஷினுக்குப் புரிகிற மாதிரி மூன்று வரி அடித்து வைக்க வேண்டும்: மெமரி எவ்வளவு, பிரிண்டர் உண்டா, இப்போது சும்மா இருக்கிறதா. அதைப் படித்து மெஷினே வேலையைப் பிரித்து அனுப்பும். எல்லோரையும் எழுத வைப்பது என் பொறுப்பு.

“சனிக்கிழமைக்குள்ள ஓடலேன்னா நீ திரும்ப கிரைண்டிங்குக்கே போக வேண்டியதுதாம்பா” என்றார் எங்கள் கம்பெனி இன்ஜினியர்.

முதல் நாள் ஓடவிட்டோம். எல்லா வேலையும் என் ரூமுக்கே வந்தது. இருப்பதிலேயே கிழம் என் கம்ப்யூட்டர்தான். மூச்சு முட்டி நின்றுவிட்டது. அவரவர் அடித்து வைத்ததைப் பார்த்தால் மற்ற நாலும் பரம ஏழை. மெமரி கம்மி, பிரிண்டர் இல்லை, எப்போதும் பிஸி. ‘பிரிண்டர் இல்லை’ என்று எழுதிய ஸ்டோர்ஸ்காரர் பிரிண்டர் மேல்தான் டீ கிளாஸை வைத்திருந்தார்.

“இது என்னண்ணே?”

“பிரிண்டர்தான் நைனா. கீதுன்னு எய்தினா எல்லாரும் இங்கியே வந்து குந்திக்குவானுங்க. எங்க ஊட்ல ஏணி கீறது தெருவுல எவனுக்காச்சும் தெரியுமா?”

நான் ஒரு யோசனை சொன்னேன். நல்ல கம்ப்யூட்டர் உள்ள செக்‌ஷனுக்குத்தான் முதல் ஏ.சி. என்று இன்ஜினியர் அறிவித்தார். மறுநாள் நாலும் கோடீஸ்வரர்கள். ஸ்டோர்ஸில் மட்டும் மூன்று பிரிண்டர்!

“மீதி ரெண்டு எங்கண்ணே?”

“ஏ.சி. வர்ட்டும் மாமே, பின்னாடியே வரும்.”

மெஷின் பாவம், நம்பிவிட்டது. இல்லாத பிரிண்டருக்குப் போன வேலைகள் அப்படியே தொங்கின. வெள்ளிக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை.

“இனிமே எவனும் எழுத வேணாம். அதுங்களே எழுதிக்கட்டும்” என்று கத்திவிட்டு இன்ஜினியர் ஒரு புரோகிராம் எழுதினார். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னிடம் இருப்பதைத் தானே பார்த்து அந்த மூன்று வரியை அடித்துக்கொண்டது. சனிக்கிழமை மத்தியானம் வேலைகள் தண்ணீர் மாதிரி ஓடின.

“ஊட்டு ரகசியத்தெல்லாம் போட்டு ஒடச்சிட்ச்சே!” என்று ஸ்டோர்ஸ்காரர் தலையில் கை வைத்தார்.

“நல்லா ஓடுதுப்பா. எந்த ரூம் தேவை, எது தேவையில்லன்னு திங்கக்கிழமை பார்க்கறேன்” என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் கிளம்பினார்.

எல்லோரும் போன பிறகு திரையைப் பார்த்தேன். நாலும் உண்மை பேச ஆரம்பித்ததால் என் கிழத்துக்கு ஒரு வேலையும் வரவில்லை. அது தன்னைப் பற்றித் தானே எழுதியிருந்தது: ‘சும்மா’.

கதவைச் சாத்தினேன். பதினேழாம் வாய்ப்பாட்டை முடிவே இல்லாமல் போட்டுக்கொண்டிருக்கும்படி அதற்கு ஒரு வேலை கொடுத்தேன். திரையில் ‘பிஸி’ என்று வரும்வரை நின்று பார்த்துவிட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஆவடி ரயிலுக்கு நடந்தேன்.